கேரிக் பக்கம் சாய்ந்த தராசு

நடிகர் சண்டையைக் கிண்டலடிக்கும் பழைய லண்டன் அச்சுப்படம் ஒன்றை யாராவது பகிர்ந்தால் போதும், "அந்தக் காலத்திலேயே எவ்வளவு பொறாமை!" என்று கமெண்ட் விழும். பொறாமை இருந்திருக்கும்தான். ஆனால் அந்தப் படங்கள் எடை போடுவது வசூலை.

1750 செப்டம்பர் 28 அன்று டிரூரி லேன், கோவென்ட் கார்டன் இரண்டு அரங்குகளிலும் ஒரே இரவில் ரோமியோ ஜூலியட். டிரூரி லேனை நடத்திய நடிகர் கேரிக்கிடம் இருந்த நட்சத்திரங்கள் பாரியும் திருமதி சிப்பரும் எதிர் அரங்கான கோவென்ட் கார்டனுக்குப் போய்விட்டார்கள். கேரிக் தானே ரோமியோவாகி, நடிகை பெல்லமியை ஜூலியட்டாக நிறுத்தினார். கோவென்ட் கார்டன் 12 இரவுகளோடு நிறுத்தியது. கேரிக் 13-வதையும் போட்டார். 1737 நாடக உரிமச் சட்டத்துக்குப் பிறகு நகரில் வசன நாடகத்துக்கு உரிமை பெற்றவை இந்த இரண்டு அரங்குகள்தான். ரசிகனுக்கு வேறு போக்கிடம் இல்லை. "உங்கள் இரண்டு வீடுகளும் நாசமாய்ப் போக" என்று அந்த நாடகத்தின் வசனத்தையே பத்திரிகைச் செய்யுள் ஒன்று திருப்பிவிட்டது.

மறு ஆண்டு இந்தப் போட்டியை வெள்ளிக்கோலில், அதாவது கோல் வடிவத் தராசில், நிறுத்துக் காட்டும் கிண்டல் அச்சுப்படம் வந்தது. ஒரு முனையில் கேரிக். மறுமுனையில் பாரி, திருமதி சிப்பர், குவின், வாஃபிங்டன் என்று கோவென்ட் கார்டன் நடிகர்கள் நாலு பேர் தொங்கியும் தட்டு இறங்கவில்லை. கோவென்ட் கார்டன் முதலாளி ரிச், ஹார்லிகின் என்ற கோமாளி வேடத்தில் தரையில் கிடக்கிறார். நிஜத்தில் இருந்த ஓர் இரவு வித்தியாசம் படத்தில் நாலு ஆள் எடையாகிவிட்டது! வெள்ளிக்கோலில் தூக்குக்கயிறு நடுவில் இருக்காது. நீளக் கையில் தொங்கும் சின்னக் குண்டு பெரிய மூட்டையைத் தூக்கிவிடும். குள்ளமான கேரிக்குக்கு வாகான கருவிதான். கயிறு எங்கே என்பதை முடிவு செய்பவர் ஓவியர். இதை ஆதாரமாக எடுத்துக்கொண்டு "கேரிக்தான் பெரிய நடிகர்" என்று எழுதுவது, ரசிகர் மன்ற போஸ்டரை வைத்து வசூல் கணக்கு எழுதுவது போல.

எனவே முகங்களைப் பார்க்கும் முன் படத்துக்குக் கீழே அச்சாகியிருக்கும் அடிவரியைப் படியுங்கள். 1735-இல் வந்த அச்சுப்பட உரிமைச் சட்டம் படத்தைச் செதுக்கியவருக்கு 14 ஆண்டு உரிமை தந்தது. அதற்கு அச்சுத் தகட்டில் உரிமையாளர் பெயரும் வெளியீட்டுத் தேதியும் இருக்க வேண்டும். எந்த வாரம், யார் கடை என்று தெரிந்தால் யாருக்காகப் பேசுகிறது என்பதை ஊகிக்கலாம்.

செப்புத்தகட்டில் வரைவது அச்சில் இடவலம் மாறும். திருட்டு நகல் எடுத்தவர் அச்சுப்படத்தைப் பார்த்து அப்படியே தகட்டில் வரைந்தால், மூலத்தில் இடப்பக்கம் நின்றவர் நகலில் வலப்பக்கம் நிற்பார். எழுத்துகளை மட்டும் இடவலம் மாற்றிச் செதுக்கியாக வேண்டும். அவசரக்காரர்கள் சறுக்குவது அங்கேதான்.

உருளை அழுத்தத்தில் தகட்டின் விளிம்பு காகிதத்தில் பள்ளமாகப் பதியும். அந்தப் பள்ளம் இல்லையென்றால் ஓரம் வெட்டப்பட்டதா, பிற்காலத்தில் வேறு முறையில் அச்சிட்ட நகலா என்று சந்தேகியுங்கள். ஃபிரேமுக்குள் அடக்குவதற்காக ஓரத்தை வெட்டும்போது பெரும்பாலும் அடிவரியும் போய்விடுகிறது. அப்படிப்பட்ட படத்துக்கு நான் பாதி விலைகூடத் தரமாட்டேன்.