யார் தலையில் இந்த பென்ஷன் பாக்கி?

பிரிட்டனில் ரயில் சேவைகள் ஒவ்வொன்றாக அரசு கைக்குத் திரும்புகின்றன. 2025 மே மாதம் சவுத் வெஸ்டர்ன் போனது, அக்டோபரில் கிரேட்டர் ஆங்கிலியா. இதைக் கொண்டாடுகிறவர்களும் சரி, திட்டுகிறவர்களும் சரி, 2019-இல் நடந்த ஒரு டெண்டர் சண்டையைப் பற்றிப் பேசுவதே இல்லை. டெண்டர் விட்டு ஒவ்வொரு ரயில் சேவையையும் சில வருஷங்களுக்கு ஒரு கம்பெனியிடம் கொடுப்பதுதான் ஃபிரான்சைஸ் முறை. கொரோனா வந்துதான் அது செத்தது என்பார்கள். என்னைக் கேட்டால் அதற்கு ஒரு வருஷம் முன்பே அது படுக்கையில் விழுந்துவிட்டது.

2019 ஏப்ரலில் கிழக்கு மிட்லண்ட்ஸ் சேவையை டச்சு அரசு ரயில்வேயின் கம்பெனியான அபெல்லியோவுக்குக் கொடுத்தார்கள். கூடவே ஓர் அறிவிப்பு: போட்டியிட்ட ஸ்டேஜ்கோச் என்ற போக்குவரத்துக் கம்பெனி தகுதி நீக்கம். கிழக்கு மிட்லண்ட்ஸில் மட்டுமில்லை, தென்கிழக்கு, மேற்குக் கடற்கரை என மூன்று டெண்டரிலும். மேற்குக் கடற்கரையில் விர்ஜினும் பிரெஞ்சு ரயில்வேயும் அவர்களோடு கூட்டு. கிழக்கு மிட்லண்ட்ஸில் போட்டியிட்ட அரைவா என்ற இன்னொரு கம்பெனிக்கும் இதே கதிதான். போக்குவரத்துத் துறை எழுதிவைத்த பென்ஷன் நிபந்தனைகளை அப்படியே ஏற்காமல் திருத்தம் போட்டுக் கொடுத்தார்கள் என்பதே முக்கியக் காரணம். அப்போது அமைச்சர் கிறிஸ் கிரேலிங்.

பென்ஷனில் அப்படி என்ன சிக்கல்? டெர்பியில் 1997-இல் வேலைக்குச் சேர்ந்த ஒரு ஓட்டுநரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மிட்லண்ட் மெயின்லைன் கம்பெனியின் சட்டை. 2007-இல் ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் டிரெயின்ஸ், அது ஸ்டேஜ்கோச்சுடையது. 2019-இல் அபெல்லியோவின் ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் ரயில்வே. முதலாளி இரண்டு முறை மாறினார். ஆனால் அவருடைய பென்ஷன் 1994-இல் ஆரம்பித்த ரயில்வே ஓய்வூதியத் திட்டத்திலேயே தொடர்கிறது. அந்தத் திட்டத்தில் ஒவ்வொரு ஃபிரான்சைஸுக்கும் ஒரு தனிப் பிரிவு உண்டு. யார் கையில் ஒப்பந்தம் இருக்கிறதோ அவர்தான் அந்தப் பிரிவுக்கு முதலாளி. ஒப்பந்தம் முடிந்தால் பற்றாக்குறையோடு சேர்த்து அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போகலாம். பொதுவாகச் சந்தாவில் கம்பெனி 60, ஊழியர் 40. ஓட்டை பெரிதானால் ஊழியர் சம்பளத்திலும் கை வைப்பார்கள்.

இருபது வருஷம் இப்படியே ஓடியது. அப்புறம் ஓய்வூதிய ஒழுங்குமுறை அமைப்பு கேட்க ஆரம்பித்தது: உங்கள் முதலீட்டுக் கணக்கெல்லாம் ரொம்ப நம்பிக்கையோடு போட்டிருக்கிறதே, பணம் குறைந்தால் யார் நிரப்புவது? நியாயமான கேள்வி. ரயில் நடத்தும் கம்பெனியிடம் சொத்து என்று பெரிதாக எதுவும் கிடையாது. தண்டவாளம் நெட்வொர்க் ரயில் என்ற அரசு அமைப்புடையது, பெட்டிகள் பெரும்பாலும் வாடகைக்கு எடுத்தவை. மொத்தத் தொழிலுக்கும் கூடுதலாக 500 முதல் 600 கோடி பவுண்டு தேவைப்படலாம் என்று அந்த அமைப்பு கணிப்பதாக ஸ்டேஜ்கோச் சொன்னது. அந்த டெண்டர் நிபந்தனை கேட்ட மாதிரி, ஏழெட்டு வருஷம் ரயில் ஓட்டிவிட்டுப் போகிறவரிடம் நாற்பது வருஷ வாக்குறுதிக்குப் பொறுப்பேற்கச் சொல்வது, வாடகைக்கு வந்தவர் தலையில் வீட்டுக்காரரின் கடனைக் கட்டுவது மாதிரிதான்.

ஸ்டேஜ்கோச்சும் விர்ஜினும் வழக்குப் போட்டன. 2020 ஜூனில் நீதிபதி ஸ்டூவர்ட்-ஸ்மித் துறையின் பக்கம் தீர்ப்பளித்தார். நிபந்தனை எல்லோருக்கும் ஒன்று, மீறினால் வெளியே அனுப்பப்படலாம் என்று தெரிந்தேதான் திருத்தம் போட்டீர்கள் என்பதுதான் சாரம். இதில் எனக்குக் குறையில்லை. எல்லோரும் ஒரே நிபந்தனைக்கு விலை சொல்லும்போது ஒருவர் மட்டும் நிபந்தனையை மாற்றிவிட்டு விலை சொன்னால் அது போட்டியே இல்லை. 2012-இல் இதே மேற்குக் கடற்கரை டெண்டரில் துறை தன் கணக்கையே தப்பாகப் போட்டு, ஃபர்ஸ்ட்குரூப்புக்குக் கொடுத்ததை ரத்து செய்து அவமானப்பட்டது. அதற்கப்புறம் விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

ஆனால் நீதிமன்றம் பார்த்தது விதிப்படி நடந்ததா என்பதை. விதியே புத்திசாலித்தனமானதா என்பது அதன் வேலை இல்லை. அளக்க முடியாத பொறுப்பை டெண்டரில் வைத்தால் பயந்தவர் விலகுவார், பயப்படாதவர் ஜெயிப்பார். யார் ரயிலை நன்றாக ஓட்டுவார் என்பது பின்னுக்குப் போய்விடும். மேற்குக் கடற்கரையில் 1997-இலிருந்து ஓடிய விர்ஜின் 2019 டிசம்பரில் நின்றது, அவந்தி என்ற புதிய கம்பெனி வந்தது. தென்கிழக்கு டெண்டரை அந்த ஆகஸ்டிலேயே ரத்து செய்துவிட்டார்கள். தீர்ப்பு வந்த மூன்றாவது மாதம், 2020 செப்டம்பரில், ஃபிரான்சைஸ் முறையையே அரசு கைவிட்டது.

"விர்ஜின் முதலாளி பிரான்சனுக்கும் ஸ்டேஜ்கோச்சுக்கும் என்ன பரிதாபம்?" என்று சிலர் கேட்பார்கள். பரிதாபமெல்லாம் இல்லை. 2014-இல் கிழக்குக் கடற்கரை ரயில் சேவைக்கு 330 கோடி பவுண்டு தருகிறோம் என்று இதே இருவர்தான் வாய் நிறையச் சொல்லி வாங்கினார்கள், 2018-இல் கட்ட முடியாமல் பாதியிலேயே முடிந்தது. ஒருமுறை சூடு பட்டதால்தான் பென்ஷன் பக்கத்தில் பேனாவை எடுத்தார்களோ என்னவோ. நான் கேட்பது அரசிடம். அந்த ஓட்டுநரின் பென்ஷனுக்கு எந்தக் கம்பெனியும் கடைசிவரை நிற்கப்போவதில்லை என்பது 1994-இலேயே தெரியாதா? அந்தப் பொறுப்பை அன்றே தன் பெயரில் எழுதிக்கொண்டு, ரயில் ஓட்டுவதற்கு மட்டும் டெண்டர் விட்டிருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது.