ஹார்மோன் ஊசியை விடுங்க, தண்ணி டேங்கைப் பாருங்க

கிறிஸ்துமஸ் நெருங்கினால் போதும், நம்ம ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் அந்தப் பழைய செய்தி திரும்பவும் சுற்ற ஆரம்பித்துவிடும். பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்களாம், அதனால்தான் நாற்பது நாளில் இரண்டு கிலோ வருகிறதாம். ஆயிரக்கணக்கான கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி குத்த ஆளுக்கு எங்கே போவது? ரப்பர் பால் வெட்டவே ஆள் கிடைக்காத கன்னியாகுமரி மாவட்டம் இது. கோழி அப்படி வளர்வதற்குக் காரணம் அதன் இனமும் தீவனமும். அவ்வளவுதான்.

வெறும் புரளி என்றால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் நிஜமாகவே பயப்பட வேண்டிய விஷயம், கோழிக்குக் கொடுக்கிற ஆன்டிபயாட்டிக், இந்தச் சத்தத்தில் காணாமல் போய்விடுகிறது.

திருவட்டார் பக்கம் சொந்தக்கார அண்ணன் ஒருவர் கம்பெனிக்குக் கோழி வளர்த்துக் கொடுக்கிறார். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியுடையது. கொட்டகை, கரண்ட், உழைப்பு இவருடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. கோழி அதிகம் செத்தால் கூலி குறையும். மழை விடாமல் பெய்கிற நாட்களில் உள்ளே போனால் கோழிகள் மூச்சை இழுக்கும் கர்ர் சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்கும். அவர் கோழிகளுக்கான தண்ணி டேங்க் மூடியைத் திறந்து, பாட்டிலிலிருந்து மருந்தை ஊற்றி, ஒரு கம்பால் கலக்கிவிட்டு இறங்குவார். நோய் வந்த கோழியும் அதைத்தான் குடிக்கிறது, வராத கோழியும் அதைத்தான் குடிக்கிறது. "டாக்டர் வந்து பாக்கதுக்குள்ள பாதி போயிரும் மக்களே, பொறவு கடன யாரு அடைப்பா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பாட்டிலில் இருந்தது என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக். நாம் விழுங்குகிற சிப்ரோஃப்ளாக்சசினுக்குப் பங்காளி முறை. உடம்புக்குள் போனால் அதில் ஒரு பகுதி சிப்ரோவாகவே மாறிவிடும். ஒன்றுக்குத் தப்பிக்கப் பழகிய கிருமி மற்றதற்கும் தப்பிக்கும். கோழிவழி வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கேம்பிலோபாக்டர் கிருமி மருந்துக்கு அடங்காமல் போனதைப் பார்த்துத்தான் அமெரிக்கா 2005-லேயே கோழிகளுக்கு இதைத் தடை செய்தது.

கொலிஸ்டின் கதை இன்னும் மோசம். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஒரு காலத்தில் ஓரங்கட்டிய பழைய மருந்து. இப்போது வேறெதுவும் கேட்காத நோயாளிக்கு ஐசியுவில் கடைசியாக எடுப்பது இதைத்தான். அதைப் போய் எடை கூடுவதற்காகத் தீவனத்தில் கலந்திருக்கிறோம்! சீனாவில் பன்றிகளிலும், கடை இறைச்சியிலும், நோயாளிகளிடமும் கொலிஸ்டினை எதிர்க்கும் எம்சிஆர்-1 என்ற மரபணு இருப்பது 2015-இல் வெளியே வந்தது. ஒரு கிருமி இன்னொரு வகைக் கிருமிக்கும் அதைக் கைமாற்றிக் கொடுக்க முடியும். இந்தியா 2019 ஜூலையில் கால்நடைக்குக் கொலிஸ்டினைத் தடை செய்தது. அந்தத் தடை அந்த ஒரு மருந்துக்குத்தான். பழக்கம் அப்படியே இருக்கிறது.

நன்றாக வேகவைத்தால் கிருமி செத்துவிடாதா? செத்துவிடும். கறிக்குழம்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பச்சைக் கறியை வெட்டிய கத்தியாலேயே சாலட்டுக்கு வெங்காயம் நறுக்குகிறோம் பாருங்கள், பயம் அங்கே வேண்டும். அப்புறம் கோழி எரு. கொட்டகையைக் காலி செய்ததும் மூட்டை மூட்டையாக ஏத்தன் வாழைக்குப் போகிறது. கிருமியும் மிச்சமிருக்கும் மருந்தும் கூடவே போகின்றன. நம்ம ஊர் மழைக்கு அது தோட்டத்தோடு நின்றுவிடுமா? ஓடை, குளம் என்று இறங்கும். அதில்தான் குளிக்கிறோம், மாட்டையும் கழுவுகிறோம்.

போன வருஷம் பக்கத்து வீட்டு அக்காவுக்கு மூத்திரத்தில் கிருமித்தொற்று. கல்ச்சர் ரிப்போர்ட்டில் மருந்துப் பெயர்களுக்கு எதிரே வரிசையாக 'ஆர்', அதாவது கேட்காது. சாதாரண மாத்திரையில் முடிய வேண்டியது, தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் நரம்பில் ஊசி போட்டுத்தான் அடங்கியது. கோழியிலிருந்துதான் வந்தது என்று சொல்ல வரவில்லை. மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்கித் தின்ற மாத்திரைகளுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக உலகம் முழுக்க 2019-இல் மட்டும் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் மருத்துவ இதழ் 2022-இல் கணக்குப் போட்டது. அத்தனைக்கும் கோழிப்பண்ணை காரணம் என்றால் அதுவும் இன்னொரு வாட்ஸ்அப் புரளிதான்.

ஆனாலும் கொட்டகைக்குள் நடப்பதைக் கேட்காமல் விடக் கூடாது. கேள்வி அண்ணனிடம் இல்லை, கம்பெனியிடம். மருந்தை அனுப்புவது அவர்கள், செத்த கோழிக்குக் கூலியைப் பிடிப்பதும் அவர்கள். ஒவ்வொரு லோடு பில்லிலும் என்ன மருந்து கொடுத்தோம், கடைசியாக எந்தத் தேதியில், அதன் பிறகு கறிக்கு வெட்டுவதற்கு முன் விட வேண்டிய இடைவெளி நாட்களை விட்டோமா என்று அச்சடிக்கட்டும். கூப்பிட்டால் அன்றைக்கே வந்து, செத்த கோழியை அறுத்துப் பார்த்து, எந்தக் கிருமி என்று சோதித்துச் சொல்ல ஆளை அனுப்பட்டும். எருவைக் குவித்து நன்றாக மக்க வைத்த பிறகே வாழைக்கு விற்கட்டும். ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கொடுப்பதை 2006-லேயே நிறுத்தியது; அங்கே கோழி இல்லாமலா போய்விட்டது?

இதற்கெல்லாம் கிலோவுக்குச் சில ரூபாய் கூடத்தான் செய்யும். கூடட்டும், நான் கொடுக்கத் தயார். அந்த ரூபாய் அண்ணன் கூலியிலிருந்து பிடிக்கப்படாமல் இருந்தால் சரி.