ஒரு மூட்டை டி.ஏ.பி.யும் இருபது பேரும்

உளுந்து பூக்கும் தருணத்தில், தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த டி.ஏ.பி. உரத்தை முந்தைய நாள் மாலையே தண்ணீரில் ஊறவைத்து, காலையில் தெளிந்த நீரை மட்டும் இறுத்து இலைவழியாகத் தெளிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இந்த முறை ஒரே ஒரு மூட்டைக்காக உரக்கடைக்கு மூன்று நடை நடந்தேன். மூன்றாம் நடையில், நான் கேட்காத நுண்ணூட்டக் கலவையையும் சேர்த்து வாங்கினால்தான் கிடைக்கும் என்றார்கள். வாங்கிக்கொண்டு வந்தேன்.

கடைக்காரரை மட்டும் நொந்து பயனில்லை. தழைச்சத்தான நைட்ரஜனைக் காற்றிலிருந்து பிடித்து யூரியாவாக்கிவிடலாம். மணிச்சத்தான பாஸ்பரஸுக்குப் பாறையை வெட்டித்தான் ஆக வேண்டும். ராஜஸ்தானின் ஜாமர்கோட்ரா சுரங்கம் இந்தியாவின் தேவைக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆகவே பாறையாகவோ, பாஸ்பாரிக் அமிலமாகவோ, ஆயத்த உரமாகவோ பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது.

பாஸ்பரஸ் சில பத்தாண்டுகளில் தீர்ந்துவிடும் என்ற அச்சுறுத்தலை நான் நம்பவில்லை. மேற்கு சகாரா உட்பட மொராக்கோவின் பாஸ்பேட் பாறை இருப்பை 2010இல் 570 கோடி டன் என்று குறித்த அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம், அடுத்த ஆண்டே அதை 5,000 கோடி டன் ஆக்கியது. என்னை உறுத்துவது வேறு: உலக இருப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு ஒரே அரசின் பிடியில் இருக்கிறது, அதிலும் பூ கிரா சுரங்கம், யாருக்கு உரியது என்ற வழக்கு இன்னும் தீராத மேற்கு சகாரா மண்ணில் இருக்கிறது. 2007இல் டன் 50 டாலர் அளவில் விற்ற பாறை 2008இல் 400 டாலரைத் தாண்டியபோதும், 2021இல் சீனா ஏற்றுமதியை இறுக்கியபோதும், சுரங்கங்களில் பாறை குறைந்திருக்கவில்லை. அத்தகைய நேரங்களில் பணக்கார நாடுகள் விலை கொடுத்து வாங்கிக்கொள்கின்றன; அந்தப் பாறை கிடக்கும் அதே ஆப்பிரிக்காவின் தெற்குப் பாதியில், முன்பே கைப்பிடி உரம் போட்டுவந்த சிறு விவசாயி அதையும் விட்டுவிடுகிறார்.

இங்கே மானியம் மூட்டையை 1,350 ரூபாயில் நிறுத்திவைத்திருப்பதால், உண்மை விலை நம் கண்ணில் படுவதில்லை. 50 கிலோ மூட்டையில் உள்ள பாஸ்பரஸ், தனிமமாகக் கணக்கிட்டால், சுமார் 10 கிலோ. ஒரு மனிதர் ஆண்டுக்கு அரை கிலோ அளவில் கழிக்கிறார். அதில் பாதிக்கு மேல் சிறுநீரில் போகிறது. இருபது பேர் ஓராண்டு சாக்கடையில் விடுவது ஒரு மூட்டை டி.ஏ.பி. அதை ஏரியில் கலந்து ஆகாயத்தாமரை வளர்க்கிறோம்.

ஜெர்மனியில் 2029 முதல் பெரிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களின் கசடிலிருந்து பாஸ்பரஸை மீட்பது சட்டப்படி கட்டாயமாகிறது. உர மானியத்தில் ஒரு சிறு பங்கையாவது நம் நகரங்களில் இப்படியான மீட்புக்கு ஒதுக்க வேண்டும் என்பேன். இது நமக்கு முற்றிலும் புதிதும் அல்ல. திருச்சி மாவட்டத்து முசிறியில் கழிப்பறைக்கு வருவோருக்குக் காசு கொடுத்து, சிறுநீரைச் சேர்த்துப் பயிருக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அந்தச் செய்தியைப் படித்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.