டொயோட்டா சுப்ரா வெறும் முத்திரை மாற்றிய பிஎம்டபிள்யூவா?

"2019-இல் வந்த ஜிஆர் சுப்ரா, பிஎம்டபிள்யூ இசட்4 காரேதான், லோகோவை மட்டும் மாற்றிவிட்டார்கள். ஒன்றின் உதிரிபாகம் இன்னொன்றுக்கு அப்படியே பொருந்தும்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

பிளாட்ஃபார்ம் (காரின் அடிப்படைக் கட்டமைப்பு) ஒன்றுதான், அதை யாரும் மறைக்கவில்லை. இரண்டும் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மாக்னா ஸ்டெயர் ஆலையில் தயாரானவை. இரண்டுக்கும் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) 2,470 மி.மீ.; 3 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினும் பிஎம்டபிள்யூவின் பி58 தான்.

ஆனால் உடல் வடிவம் முற்றிலும் டொயோட்டாவுடையது. 2014 டெட்ராய்ட் கார் கண்காட்சியில் டொயோட்டா வைத்த எஃப்டி-1 என்ற மாதிரிக் காரிலிருந்து பிறந்தது அது. கூரையில் ஓட்டுநர், பயணி தலைக்கு மேல் இரண்டு மேடுகள் தெரிகின்றனவே, அவை டொயோட்டாவின் பழைய 2000ஜிடி காரின் சாயல். இசட்4-க்கு அந்தக் கூரையே கிடையாது. அது துணிக்கூரையைத் திறந்து மூடக்கூடிய இருவர் கார் (ரோட்ஸ்டர்). நீளமும் வேறு: சுப்ரா 4,379, இசட்4 4,324 மி.மீ. இரு நிறுவனங்களின் விவரக்குறிப்பேடுகளிலும் இதைச் சரிபார்க்கலாம்.

செய்தியை நம்பி இசட்4 பம்பரையோ பானெட்டையோ சுப்ராவுக்கு வாங்கினால் பணம்தான் வீண். பாக எண்ணை உங்கள் காரின் சேஸிஸ் எண்ணோடு ஒப்பிட்ட பிறகே ஆர்டர் செய்யுங்கள். அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.