பிரான்ஸ்ல வீடு வாங்கினா விசா வந்துடுமா?

வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் சுத்திட்டு இருக்கு, ரிட்டையர் ஆன தனி ஆள் பிரான்ஸ்ல சின்னதா ஒரு வீடு வாங்கிப் போட்டா போதும், ரெசிடென்ஸ் கார்டு தானா வந்துடும்னு. வராதுங்க. கிரீஸ்ல அந்த மாதிரி ஒரு ஸ்கீம் இருக்கு, அதை இதோட போட்டுக் குழப்பிட்டாங்க போல. வீடு வாங்கத் தடை இல்ல, ஆனா பத்திரம் வேற, விசா வேற. ஐரோப்பிய யூனியனுக்கு வெளிய இருந்து போறவங்க லாங் ஸ்டே விசிட்டர் விசா, அதாவது வேலை பாக்காம ரொம்ப நாள் தங்கறதுக்கான விசா எடுக்கணும், அதுக்கு பென்ஷன் வருமானம், மெடிக்கல் இன்சூரன்ஸ், அங்க வேலை பாக்க மாட்டேன்னு கையெழுத்து போட்ட லெட்டர் எல்லாம் கேப்பாங்க, போய் இறங்கி 3 மாசத்துக்குள்ள அந்த விசாவை ஆன்லைன்ல பதிஞ்சு வேலிடேட் வேற பண்ணணும். தனி ஆளுக்கு இன்னொரு தலைவலி, வாடகைக்குப் போனா வாடகை மாதிரி 3 மடங்கு வருமானம் காட்டுங்கன்னு ஓனருங்க நிப்பாங்க, அதையும் ஒத்தை பென்ஷன்லயே காட்டணும்.