ரிமோட்டும் கையுமாக ஒரு படம்
தியேட்டரில் முன் சீட்டுக்காரரின் மொபைல் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதே என்றுதான் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அதுவரை கதை காதில் விழாமல் தப்பித்ததே பெரும்பாடு. சரி, நேற்று ராத்திரி உட்கார்ந்தால் நாயகி கிசுகிசுப்பது ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. சத்தத்தை 40க்கு ஏற்றினேன். அடுத்த நொடி கார் வெடித்தது, தூங்கிய குழந்தை வீறிட்டது. தியேட்டரில் வசனத்துக்கென்றே திரைக்குப் பின்னால் நடுவில் ஸ்பீக்கர் இருக்கும். ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு பேஸ் ஸ்பீக்கருக்கும் பிரித்து வைத்த 5.1 ஒலியை டிவியின் இரண்டு குட்டி ஸ்பீக்கரில் திணித்தால் வசனம்தான் நசுங்குகிறது. போதாததற்கு, நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்தில் டிவி தன் பங்குக்கு நடுநடுவே தானே உருவாக்கிய ஃபிரேம்களைச் செருகி, அசைவை வழவழவென்று ஆக்கி எல்லாரையும் சீரியல் நடிகர்களாக்கிவிடுகிறது. அதை அணைக்கும் இடம் மெனுவில் எந்தப் பொந்தில் இருக்கிறதோ! தேடி முடிப்பதற்குள் பாதிப் படம் போய்விட்டது.