கரும்புக்கு மொலாசஸ் எதற்கு?
பசுந்தீவனத்தை நறுக்கிக் காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைக்கும் ஊறுகாய்ப்புல் (சைலேஜ்) எதுவானாலும் மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) சேர்க்கலாம் என்று சொல்வது நேப்பியர் தீவனப்புல்லுக்குச் சரி, கரும்புக்குச் சரிவராது. கரும்பில்தான் ஏற்கெனவே சர்க்கரை கிடக்கிறதே, ஈஸ்ட் அதைத் தின்று சாராயமாக்கிவிடும். பொங்கல் கழிந்து தோவாளைப் பக்கம் விற்காமல் கிடந்த கரும்பை வாங்கி நறுக்கி, மொலாசஸ் தெளித்து டிரம்மில் மிதித்து அடைத்தேன். 40 நாள் கழித்துத் திறந்தால் அப்படியே புளித்த கள்ளு வாடை. பசு மூக்கை வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அடுத்த வருஷம் 100 கிலோ கரும்புக்கு 1 கிலோ யூரியாவைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்துத் தெளித்தேன், அந்த வாடையே இல்லை. யூரியாவிலிருந்து வரும் அம்மோனியா ஈஸ்டை அடக்கும், கரும்பின் புரதக் குறையும் கொஞ்சம் தீரும். யூரியா விஷமாச்சே என்று கேட்பவருக்கு: கரையாமல் கட்டியாக ஓரிடத்தில் விழுந்தால் விஷம்தான். இந்தக் கரும்புத் தீவனத்தைக் கன்றுக்குட்டிக்கு நான் வைப்பதே இல்லை, பசுவுக்கும் முதல் வாரம் ஒரு கை அளவுதான்.